வெண்ணெய் இறங்கும் வழி

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இடம் தந்த நூலக வாசகர் வட்டத்தாரே, கடிகாரமும் கையுமாக இருக்கும் செயலாளர் ஐயா அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

சீன, ஜப்பானியத் தவப்பயிற்சிகள் மதமா மருத்துவமா என்று பேசப் பணித்தார்கள். உடல், மூச்சு, அரசு என மூன்று செய்தி சொல்வேன். சுவரை வைத்துத்தான் சித்திரம், உடலே முதலில்.

ஜப்பானில் 1686இல் பிறந்த ஹகுயின் என்ற ஜென் துறவி, இளவயதில் இரவு பகல் பாராமல் தியானத்தில் உட்கார்ந்தார். என்ன ஆயிற்று? தலை கொதிக்கிறது, கால் பனிக்கட்டி! காதில் ஓடை இரைச்சல், அக்குளில் ஓயாத வியர்வை. வைத்தியம் எதுவும் பலிக்கவில்லை. கியோட்டோ அருகே ஷிரகவா மலைக்குகையில் ஹகுயூ என்றொரு முதியவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஏறிப் போனாராம். உள்ளே ஒரு மேசை. அதன்மேல் கன்பூசியரின் நடுநிலை நூல், தாவோ மதத்தாரின் லாவோட்சு நூல், பௌத்தரின் வைர சூத்திரம். மதமா என்று கேட்கிறீர்களே, எந்த மதம்? மூன்றும் ஒரே மேசையில்! கைதட்டல் இருக்கட்டும், கதை முடியவில்லை.

நாடி பார்த்த முதியவர், அளவு மீறிய தியானத்தால் சூடு மேலேறிவிட்டது, கீழே இறக்கு என்றார். வாத்து முட்டை அளவு மணமுள்ள வெண்ணெய் உச்சந்தலையில் இருப்பதாக நினைக்க வேண்டும். அது உருகித் தோள், மார்பு, நுரையீரல், கல்லீரல், வயிறு, முதுகுத்தண்டு என உள்ளங்கால் வரை இறங்க வேண்டும். பலர் புருவத்தைச் சுளித்து வெண்ணெயை நெற்றியிலேயே நிறுத்திவிடுவார்கள். சூடு எப்படி இறங்கும்? ஹகுயின் இதையெல்லாம் எழுதி வெளியிட்டது 1757இல்.

இனி அரசு. சீனக் கம்யூனிஸ்ட் கட்சி ஊழியர் லியு குய்ட்சென், சீகோங் எனும் மூச்சு, தியானப் பயிற்சியை 1950களில் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். தங்க டிராகனின் நகம் தியான மண்டபத்தில் அமர்ந்திருக்கிறது என்ற பழைய மந்திரம் போய், நலம் பெறத் தியானம் செய்கிறேன் என்றானது. உட்காரும் முறை மட்டும் தங்கியது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று அவர்களும் கண்டிருக்கிறார்கள்! 1999இல் ஃபாலுன் கோங் என்ற சீகோங் ஆன்மிக இயக்கத்தைத் தடைசெய்த சீன அரசு, பின்னர் விளையாட்டுத் துறை மூலம் பாதுவான்ஜின் எனும் எட்டு அசைவுப் பயிற்சி முதலிய தொகுப்புகளைத் தானே பரப்பியது.

பாதுவான்ஜினின் முதல் அசைவுக்குக் கால்களைத் தோளகலம் வைத்து, விரல் கோத்து, உள்ளங்கை வானம் பார்க்க உயர்த்துங்கள். தோள் காதைத் தொட்டாலோ மூச்சை அடக்கினாலோ தப்பு. தரை சமமாக இருக்க வேண்டும். நம் பூங்காவில் அது எங்கே? பெயர்ந்த கல், பூட்டிய கதவு!

மூச்சைப் பற்றி... செயலாளர் எழுந்துவிட்டார். உறுப்பினர் அவர்களே, காலை ஐந்து மணிக்குக் கதவு திறக்கட்டும். கிழக்கு மூலையில் சிமெண்ட் தளம் போடுங்கள். மனுவில் கையெழுத்திட நோட்டு வாசலில் இருக்கிறது.