3100-னு விளம்பரம், எண்ணிப் பார்த்தா எட்டு நட்டு!

வணக்கம் மக்களே. இன்னைக்கு செம கடுப்பு. ஒரு விளம்பரம் பார்த்தேன், 1951 செவ்ரோலெட் 3100 பிக்கப், ஹாட் ராடுக்கு (பழைய வண்டியை மாத்தி வேகமா ஓட்டறது) ஏத்த வண்டியாம். பானெட் பக்கத்துல 3100 எம்ப்ளம் பளபளன்னு இருக்கு. படத்துல வீலைப் பெருசாக்கிப் பாருங்க... எட்டு நட்டு! அது 3600-பா, முக்கால் டன். அரை டன் 3100-க்கு ஆறு நட்டுதான்.

எம்ப்ளத்தை யார் வேணா மாட்டலாம். டிரைவர் கதவைத் திறந்து, கீல் இருக்கற தூண்ல உள்ள பிளேட்டைப் படிங்க. 51 மாடல் சீரியல் நம்பர்ல JP இருந்தா 3100, JR இருந்தா 3600.

"கேபின் ஒண்ணுதானே ப்ரோ?"ன்னு கேப்பீங்க. ஒண்ணுதான். கதவு, பானெட், கிரில் எல்லாம் அப்படியே மாறும். வித்தியாசம் கேபினுக்குப் பின்னாடியும் அடியிலயும். வீல்பேஸ் 3100-க்கு 116 இன்ச், 3600-க்கு 125.25. பின் தொட்டி 78-க்கு 87. ஒன்பது இன்ச்தானேன்னு அறுக்க இறங்கினா சேசிஸ், தொட்டி, ஃபுட்போர்டு மூணையும் அறுக்கணும். ஃபுட்போர்டை யாரும் கணக்குலயே வைக்கறதில்ல.

இப்ப வீலுக்கு வர்றேன், எனக்கு வயிறு எரியற இடம். 3600-க்கு எட்டு நட்டு, அது உக்கார்ற வட்டம் 6.5 இன்ச். நீங்க ஆசைப்படற அழகான ரிம்மெல்லாம் அஞ்சு நட்டு, ஆறு நட்டுல. உடனே அடாப்டர், அதாவது வேற நட்டு கணக்கு ரிம்மை மாட்ட நடுவுல வைக்கற தட்டு! எனக்கு அது பிடிக்காது, இப்ப திட்டல. ஆனா இதைக் கேளுங்க: 3600 பின் ஆக்சில் ஃபுல் ஃப்ளோட்டிங், அதாவது எடையை ஷாஃப்ட் தாங்காது, வெளிக்கூடுதான் தாங்கும். ஹப் நடுவுல குவளை மாதிரி வெளிய நீட்டிட்டு நிக்கும். கார் ரிம்மோட நடு ஓட்டைக்குள்ள அது நுழையாது. அது இடிக்காம இருக்க அடாப்டரைத் தடிமனாக்கினா வீல் ஃபெண்டரைத் தாண்டி வெளிய வந்துரும். ஆக்சிலையே மாத்துங்க, வேலை முடிஞ்சது.

எப்படியும் மாத்தத்தான் போறீங்க. 3600 கிரவுன் ரேஷியோ (வீல் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் எத்தனை சுத்துங்கறது) 4.57. 29 இன்ச் டயர், நேர் டாப் கியர், 60 மைல் வேகத்துல இன்ஜின் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3,180 சுத்து. 3100-ஓட 4.11-ல 2,860. பாபிட்ங்கற மெதுவான உலோக பேரிங், தெளிப்பு எண்ணெய்ல ஓடற பழைய 216 கன இன்ச் இன்ஜினுக்கு 3,180-ங்கறது அழுகை.

அட, ஒண்ணு விட்டுட்டேன். 3100-ஐப் புகழ்ந்துட்டே போறேன், அதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. 54 வரைக்கும் வந்த 3100-ல ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள்ள மூடியிருக்கும், அதுதான் டார்க் (torque) ட்யூப். புது கியர்பாக்ஸ் போட்டா அந்தக் குழாயும் போகணும், ஆக்சிலும் போகணும். 3600-ல ஷாஃப்ட் திறந்தது. இந்த ஒரு பாயிண்ட் 3600-க்கு, ஒத்துக்கறேன்.

துருப்பிடிக்காத கேபினோட 3600 மலிவா வந்தா? வாங்குங்க, ஆனா கேபினுக்காக மட்டும். அடியில லாங் பெட் (நீளத் தொட்டி) எஸ்-10-ங்கற செவ்ரோலெட் சின்ன பிக்கப்போட சேசிஸ் போடுங்க, வீல்பேஸ் 117.9. 3100-ஐ விட ரெண்டு இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவாத்தான் கூட. தொட்டியும் ஃபுட்போர்டும் மட்டும் 3100-து தேடணும். எஸ்-10 அகலம் கம்மி, வீல் ஃபெண்டருக்குள்ள பதுங்கும். அதனால ரிம் வாங்கறதுக்கு முன்னாடி ஆஃப்செட்டை (ரிம்மை மாட்டற முகம் ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கறது) அளந்துருங்க.

வண்டியை இறக்காம, உசரமா, சரக்கு ஏத்தற மாதிரியே வெச்சுக்கப் போறீங்கன்னா 3600-ல எதையும் மாத்தவே வேண்டாம், எட்டு நட்டோட ஓட்டுங்க. விளம்பரத்துல மட்டும் 3100-னு போடாதீங்கய்யா!