பேரேடு யார் கையில்?

வணக்கம். மருத்துவப் பதிவுக் கணினிகளோடு பல வருஷம் மல்லுக்கட்டியவன் என்பதற்காக என்னை இன்று மேடையேற்றிவிட்டார்கள். ஆனால் நான் பேசுவது கவுண்டரில் பேசுகிற மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் இங்கே சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். தாதி "மிஸ்டர் ராமசாமி" என்று மூன்று தடவை கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அது நான்தான் என்று. ராமசாமி என் அப்பா, அவர் போய்ப் பல வருஷமாகிறது. ஐசியில், அதாவது அடையாள அட்டையில், என் பெயருக்குப் பின்னால் 'எஸ் ஓ' (இன்னாரின் மகன்) போட்டு வருகிற அப்பா பெயரை, படிவத்தின் 'குடும்பப் பெயர்' கட்டம் விழுங்கிவிட்டது. சிரிக்கிறீர்கள், உங்களில் பாதிப் பேருக்கு இது நடந்திருக்கும்!

கட்டம் போட்டவருக்கு நம்மைத் தெரியாது, அவ்வளவுதான். சரி, இதையே பழங்குடி மக்கள் பக்கம் வைத்துப் பாருங்கள். நீலகிரி மலையில்தான் இந்தியாவில் முதன்முதலாக, 1952ல், சிக்கிள் செல் கூறு பழங்குடியினர் ரத்தத்தில் இருப்பது தெரியவந்தது. சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல் வளைத்துவிடும் பரம்பரை நோய்; கூறு என்பது அதைப் பிள்ளைக்குக் கடத்தும் மரபணு. வலி வந்து துடிக்கிறவர் எந்த ஊர் டாக்டரிடம் ஓடினாலும், இது என்ன வலி என்று அவருக்கு உடனே தெரிய வேண்டும், அதற்குப் பதிவு வேண்டும். ஆனால் அதே பதிவு இன்னொன்றையும் சொல்லிவிடும், யாரிடம் கூறு இருக்கிறது என்று. நோய் இல்லாமல் கூறு மட்டும் உள்ள இருவர் கல்யாணம் செய்துகொண்டால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அது பெண் பார்க்க வந்தவர்கள் காதுக்குப் போனால்? 2023ல் இந்திய அரசு 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கும் திட்டம் தொடங்கியபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வியும் இதுதான்.

பெயரை அழித்துவிட்டால் போச்சு என்பார்கள். போகாது. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்று சில நூறு பேரே உள்ள ஓர் இனம். சர்க்கரை வியாதி ஆராய்ச்சி என்று நம்பி 1990லிருந்து ரத்தம் கொடுத்தார்கள். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அதே ரத்தத்தை வைத்து மனச்சிதைவையும், அவர்களுடைய முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் ஆராய்ந்தார்கள். யார் பெயரையும் எழுதாவிட்டால்கூட இனத்தின் பெயர் இருக்கிறதே! அந்த இனத்தார் போட்ட வழக்கு 2010ல் அவர்களுக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து முடிந்தது. மிச்சமிருந்த ரத்தத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கனடாவின் முதல் குடிகள் இதனால்தான் தகவலின் உடைமை, கட்டுப்பாடு, பார்க்கும் உரிமை, கைவசம் நான்கும் தங்களுக்கே என்கிறார்கள். கடைசியாக உள்ள கைவசத்தை நான் ரசிக்கிறேன். கையில் இல்லாத சொத்துக்குப் பட்டா மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? வான்கூவர் தீவின் கோவிச்சன் மக்கள் இன்னும் ஒரு படி மேலே போய், தங்கள் சுகாதார நிலையத்துக்கு மஸ்டிமஹ் என்ற பதிவு மென்பொருளைத் தாங்களே உருவாக்கினார்கள். மற்ற இனத்தவரும் அதை வாங்கிப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கே சிங்கப்பூரில் 2018ல் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடு போனபோது நாம் கொதித்தோம். ஆனால் படிவத்தில் என்னென்ன கட்டம் இருக்கலாம் என்று நம்மை யாரும் கேட்டதில்லை, நாமும் போய்ச் சொன்னதில்லை. நானே சொல்லவில்லையே. போன வாரமும் அதே கிளினிக்கில் ராமசாமியைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன்.