ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு: சிரிப்பு எங்கிருந்து வருதோ, குறையும் அங்கிருந்துதான் வருது

வணக்கம் மக்களே. இன்னைக்குப் பேசப்போறது டக்ளஸ் ஆடம்ஸ் எழுதின ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’. 1979-ல வந்த நாவல். சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல நகைச்சுவைன்னு பேச்செடுத்தாலே முதல்ல வர்ற பேரு இதுதான். எனக்கு உயிரான புத்தகம். அதனாலதான் இதோட குறைகளையும் மூடி மறைக்காம பேசணும்னு நினைக்கிறேன். கதையோட திருப்பங்களைச் சொல்லாம பேச முடியாது. இன்னும் படிக்கலைன்னா வீடியோவை இங்கயே நிறுத்திட்டு, படிச்சிட்டு வாங்க. சின்னப் புத்தகம்தான்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இது நாவலாப் பொறந்த கதை இல்ல. 1978 மார்ச்ல பிபிசி ரேடியோ 4-ல தொடரா வந்த நாடகம். ரேடியோவுல காட்டுறதுக்குப் படம் கிடையாது, பேச்சும் சத்தமும்தான். கேக்குறவங்க கவனம் ஒரு நிமிஷம் கூட நழுவிடக்கூடாது. அதனால வரிக்கு வரி சிரிப்பு வேணும். மொத்தக் கதை எங்க போய் முடியும்ங்கிறது அப்புறம் பாத்துக்கலாம். புத்தகத்தோட பலம், பலவீனம் ரெண்டுமே இதுல இருந்துதான் வருதுன்னு நான் நம்புறேன்.

தொடக்கத்தையே எடுத்துக்கோங்க. ஆர்தர் டென்ட்னு ஒரு சாதாரண மனுஷன். காலையில எழுந்து பாத்தா வீட்டு வாசல்ல புல்டோசர். பைபாஸ் ரோடு போடணும்னு வீட்டை இடிக்க வந்திருக்காங்க. மனுஷன் சேத்துல போய் வண்டிக்கு முன்னாடி படுத்துக்கிறாரு. அதிகாரி சொல்றாரு, திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வச்சிருந்தோமே, நீங்க அப்பவே ஆட்சேபம் சொல்லியிருக்கலாமேன்னு. எங்க வச்சிருந்தாங்க? கீழ்த்தளத்துல. விளக்கு இல்ல, படிக்கட்டும் இல்ல. புழக்கத்துல இல்லாத ஒரு கழிப்பறைக்குள்ள, பூட்டின ஃபைல் அலமாரியோட அடித்தட்டுல. கதவுல ‘சிறுத்தை ஜாக்கிரதை’ன்னு ஒரு பலகை வேற.

கொஞ்ச நேரத்துல வோகன்ங்கிற வேற்றுக்கிரகவாசிங்க வந்து, விண்வெளியில விரைவுப் பாதை போடணும், பூமியை இடிக்கிறோம்ங்கிறாங்க. ஜனங்க கதறுறாங்க. உடனே, திட்டத்தை அம்பது வருஷமா ஆல்ஃபா சென்டாரியில வச்சிருந்தோமே, நாலே ஒளியாண்டு தூரம்தானே, வந்து பாத்திருக்கலாமேன்னு எரிச்சலோட பதில் வருது.

இந்த ரெண்டு காட்சியும் பக்கத்துல பக்கத்துல இருக்கிறதுதான் ஆடம்ஸோட மேதைமை. ஒரு ஆபீஸ் முன்னாடி கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்ன யாருக்கும் முதல் காட்சி புரியும். அதே அநியாயத்தை அண்டம் அளவுக்குப் பெருசாக்க சயின்ஸ் ஃபிக்‌ஷனால மட்டும்தான் முடியும். விண்கலத்தை எடுத்துட்டா இங்க நகைச்சுவையே கிடையாது.

இன்னொரு பெரிய பலம், கதைக்குள்ள வர்ற அந்தக் ‘கைடு’. அட்டையில ‘பதறாதே’ன்னு எழுதியிருக்கிற, விண்வெளியில ஊர் சுத்துறவங்களுக்கு வழிகாட்டுற ஒரு மின்னணுப் புத்தகம். விண்வெளிக் கதைகள்ல நம்மள சலிப்படைய வைக்கிறது விளக்கம் சொல்ற பகுதிதான். இங்க விளக்கம் சொல்ற பகுதிதான் உச்சம். பேபல் மீனைப் பாருங்க. காதுக்குள்ள விட்டுக்கிட்டா எந்த மொழியும் புரிஞ்சிடும். எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சதால அமைதி வந்துச்சான்னா இல்ல, வரலாற்றுல வேற எதனாலயும் வராத அளவுக்குப் போர் வந்துச்சாம். அதைப் போற போக்குல சொல்லிட்டுக் கதை நகர்ந்துடுது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பக்கம் திமிங்கிலம் வர்ற பக்கம். நாயகர்கள் போற விண்கலத்தைத் தாக்க வந்த ரெண்டு ஏவுகணைகள்ல ஒண்ணு பூத்தொட்டியா மாறிடும், ஒண்ணு திமிங்கிலமா மாறி வானத்துல இருந்து விழும். அந்தத் திமிங்கிலம் அப்பதான் பொறந்திருக்கு. நான் யாரு, எதுக்கு இங்க இருக்கேன்னு கேக்குது. வேகமா மோதுறதுக்குக் காத்துன்னு பேர் வைக்குது. கீழ இருந்து பெருசா ஒண்ணு கிட்ட வருது, அதுக்கும் ஒரு பேர் வைக்குது, தரை. அது என் கூட நட்பா இருக்குமான்னு ஆசையா யோசிக்குது. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. சிரிச்சுட்டு இருக்கும்போதே நெஞ்சு கனத்துப் போகுது எனக்கு.

சரி, குறைக்கு வருவோம். ஆர்தரையும், பூமி அழியுற நேரத்துல அவரைக் காப்பாத்திக் கூட்டிட்டுப் போன வேற்றுக்கிரக நண்பன் ஃபோர்டையும் வோகன்கள் விண்வெளியில தூக்கி வீசிடுறாங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டா முப்பது செகண்ட் தாங்கும். இருபத்தொன்பதாவது செகண்ட்ல ஒரு கலம் வந்து காப்பாத்துது. உள்ள பாத்தா ஃபோர்டோட சொந்தக்காரன் ஸேஃபோட். கூடவே ட்ரில்லியன், ஆர்தர் பூமியில ஒரு பார்ட்டியில பாத்துப் பேசின பொண்ணு. எப்படின்னா, அந்தக் கலம் ஓடுறதே நடக்கவே வாய்ப்பில்லாததை நடத்திக் காட்டுற எஞ்சின்ல. யோசனையா இது அபாரம். கதையா? இதுக்கப்புறம் எந்த ஆபத்தும் நம்மள அசைக்கிறதில்ல. ஒவ்வொரு தடவையும் தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும்னு நமக்கே தெரிஞ்சுடுது.

இதை விட எனக்கு உறுத்துறது ட்ரில்லியன். பூமி அழிஞ்சதும் ஆர்தருக்கு அந்த இழப்பு மனசுல ஏறவே மாட்டேங்குது. இங்கிலாந்து இல்ல, நியூயார்க் இல்லன்னு நினைச்சுப் பாக்குறாரு, உறைக்கல. இனிமே மெக்டொனால்ட்ஸ் ஹாம்பர்கர்னு ஒண்ணு கிடையாதுன்னு தோணுற அந்த நொடியில மயங்கி விழுந்துடுறாரு. எழுந்ததும் அம்மாவை நினைச்சு அழுறாரு. துக்கம் எப்படி வந்து தாக்கும்ங்கிறதை ஆடம்ஸ் எவ்வளவு நுணுக்கமாப் பாத்திருக்காரு! அப்படிப்பட்டவரு, அதே பூமியை இழந்து நிக்கிற ட்ரில்லியனுக்கு ஒரு பக்கம் கூட ஒதுக்கல. வானியற்பியல் படிச்ச பொண்ணு அவங்க. முக்கியக் கூட்டத்துல இருக்கிற ஒரே பெண்ணும் அவங்கதான். பெரும்பாலும் எண்களைப் படிச்சுச் சொல்ற வேலைதான் குடுத்திருக்காரு. அவங்களுக்கு அப்ப என்ன தோணிச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும். புத்தகம் சொல்லல.

முடிவு வேற அந்தரத்துல தொங்குது. போலீஸ் சுட்டுக்கிட்டே வருது, தப்பிக்க வழியே இல்ல, திடீர்னு போலீஸ்காரங்க விழுந்து செத்துப் போறாங்க. விரக்தியிலயே வாழ்ற ரோபோ மார்வின் அவங்க கலத்தோட கம்ப்யூட்டர்கிட்ட மனசு விட்டுப் பேசியிருக்கு, அது தன்னையே அழிச்சுக்கிச்சு. அந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் அவங்க மூச்சே ஓடிட்டு இருந்துச்சு. மார்வினுக்கு ஏத்த அருமையான நகைச்சுவைதான், ஆனா நாயகர்கள் யாரும் எதுவும் செய்யாமலே சிக்கல் தீர்ந்துடுது. அடுத்தது எங்க சாப்பிடப் போலாம்னு பேச்சு, புத்தகம் முடிஞ்சுது. ஆடம்ஸ் கெடு தாண்டித் தாண்டி இழுத்தடிச்சதால, எந்தப் பக்கத்துல இருக்கீங்களோ அதோட முடிச்சுக் குடுங்கன்னு பதிப்பாளர் சொல்லிட்டாங்களாம், அதை அவரே சொல்லியிருக்காரு. ரேடியோவுல முதல் தொடர் ஆறு பகுதி. அதுல சுமார் நாலு பகுதிதான் இந்த நாவல்.

அதனால, வாங்குறதா இருந்தா 1980-ல வந்த ரெண்டாவது புத்தகம் ‘தி ரெஸ்டாரன்ட் அட் தி எண்ட் ஆஃப் த யூனிவர்ஸ்’, அதையும் சேத்து வாங்கிடுங்க. முதல் புத்தகம் முடிஞ்ச கையோட அடுத்ததைத் திறந்துடுங்க, இடைவெளி விடாதீங்க. இங்கிலீஷ் காதுக்குப் பழக்கம்னா, படிக்கிறதுக்கு முன்னாடி ரேடியோ நாடகத்தைக் கேளுங்க. நாவல்ல தொங்கலா இருக்கிற பல இடங்கள் காதுல கேக்கும்போது சரியா உக்காருது.