ஏட்டில் இருக்கும் ஈ ஆற்றுக்கு உதவுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டிரவுட் என்ற குளிர்ந்த ஆற்று மீனைத் தூண்டிலில் பிடிப்பதில் அந்தந்த வட்டாரத்தின் பழைய ஈ வடிவங்களைக் காக்க வேண்டுமா, காலத்தோடு போக விட்டுவிடலாமா என்பது தலைப்பு. காக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். ஈ என்றால் நிஜ ஈ அல்ல. தூண்டில் முள்ளில் நூலும் ரோமமும் இறகும் சுற்றிப் பூச்சி போலக் கட்டுவது. இதற்கு ஒரு பட்டிமன்றமா என்று சிலர் சிரிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சிரியுங்கள், பத்து நிமிடம் கழித்துப் பேசிக்கொள்வோம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "மீனுக்கு வரலாறு தெரியுமா? ஒரு ஆடம்ஸ் ஈயைக் கட்டி எந்த நாட்டு ஆற்றில் வீசினாலும் டிரவுட் கடிக்கும். அப்புறம் எதற்கு ஊருக்கு ஒரு ஈ?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார். கடிக்கும், ஐயா. மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆடம்ஸ் எங்கே பிறந்தது? 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், போர்டுமேன் ஆற்றுப் பக்கம், லென் ஹாலடே கட்டியது. சார்ல்ஸ் ஆடம்ஸ் என்ற நண்பர் அதை வீசிப் பார்த்து மெச்சினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆக, நீங்கள் கூட்டி வந்த சாட்சியே ஒரு வட்டார ஈ. எங்கள் கட்சி ஆள்!

சரி, வட்டார ஈ என்றால் அதில் அப்படி என்ன இருக்கிறது? ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர். வார்ஃப், நிட், யூர் என்று மழைநீரில் பெருகி வேகமாக ஓடும் ஆறுகள். தெற்கே டெஸ்ட், இட்சன் ஆறுகளோ சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி, தெளிந்து, நிதானமாகப் போகிறவை. அங்கே ஈ மேலே மிதந்து வந்தால் மீன் பக்கத்தில் வந்து சோதித்துப் பார்க்க நேரம் உண்டு. வடக்கே அந்த அவகாசம் கிடையாது. பாய்ச்சலில் ஏதோ கடந்து போகிறது, வாயைத் திற அல்லது விட்டுவிடு. அதனால் வடக்கத்தியர் நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே அமிழ்ந்து போகிற, ஒட்டி உலர்ந்த உடம்புள்ள ஈக்களைக் கட்டினார்கள்.

அதில் ஒன்று வாட்டர்ஹென் புளோவா. மஞ்சள் பட்டு நூலை மெழுகில் இழுப்பார்கள், மஞ்சள் மங்கி ஆலிவ் பச்சை தட்டும். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல் என்ற சிறு விலங்கின் சாம்பல் ரோமத்தைத் துளி எடுத்து, நூல் வெளியே தெரிகிற அளவுக்கு அதன்மேல் உருட்டி முள்ளில் சுற்றுவார்கள். கடைசியில் தாழைக்கோழியின் இறக்கைக்கு அடிப்புறத்துச் சிற்றிறகு, அதிகம் போனால் இரண்டு சுற்று. அவ்வளவுதான். உலர்ந்திருக்கும்போது சட்டைப் பையின் மூலையில் சேரும் தூசுத் துணுக்கு போல இருக்கும், காசு கொடுத்து வாங்கத் தோன்றாது. நனைத்துப் பாருங்கள். உள்ளே நூலின் நிறம் எழும்பும், ரோமம் அதைச் சுற்றி மங்கலாய் நிற்கும், மெல்லிய இறகு ஒவ்வொரு சுழிப்புக்கும் அசையும். வசந்தத்தின் தொடக்கத்தில் அந்த ஆறுகளில் மேலேறி வந்து, தோலைக் கழற்ற முடியாமல் திணறும் கரும் ஆலிவ் மேஃபிளை என்ற பூச்சி அச்சாக இப்படித்தான் இருக்கும். பூச்சியியல் படிக்காதவர்கள் ஆற்றங்கரையில் நின்றே கண்டுபிடித்தது இது.

"அதுதான் புத்தகத்தில் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. டி. இ. பிரிட் 1885-இலேயே யார்க்‌ஷயர் ஈக்களை வண்ணப் படங்களோடு அச்சில் ஏற்றினார். ஆனால் 1916-இல் அதே வட்டார ஈக்களைப் பற்றி எழுதிய எட்மண்ட்ஸும் லீயும் என்ன செய்தார்கள் தெரியுமா? சில சிறப்புப் பிரதிகளில் நிஜ இறகையும் நிஜ நூலையும் ரோமத்தையுமே இணைத்துக் கொடுத்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஏடு எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது, நடுவரே!

ஸ்பெயினுக்கு வாருங்கள். லியோன் பகுதியின் ஈக்களை மாதவாரியாக எழுதிவைத்த ஆஸ்டோர்கா கையெழுத்துப் பிரதி 1624-ஐச் சேர்ந்தது. அதில் வரும் இறகுகள் என்னவென்று இன்றும் தெரிகிறதென்றால், காரணம் தாள் அல்ல, சேவல். அந்த மலைப் பள்ளத்தாக்கின் குடும்பங்கள் இந்தியோ, பார்தோ என்று இரண்டு வகைச் சேவல்களை விடாமல் வளர்த்து வருகின்றன. சேவலைக் கொல்வதில்லை, உயிரோடு வைத்து அவ்வப்போது இறகு எடுப்பார்கள். இன்றைக்குப் போட்டிகளில் வீசும் அதிநவீன நிம்ஃப் ஈக்கள், அதாவது நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போலக் கட்டுபவை, பலவற்றின் வாலைப் பாருங்கள்: விறைப்பாக, பளபளப்பாக நிற்பது அதே லியோன் சேவலின் இறகு. நானூறு ஆண்டுப் பழசை ஒருவரும் காக்காமல் விட்டிருந்தால் உங்கள் புதுசுக்கு வால் இருந்திருக்காது.

டிரிங் விஷயத்தையும் எதிரணி இழுத்தது. 2009-இல் இங்கிலாந்தில், டிரிங்கிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் கிளையில் 299 பறவைத் தோல்கள் திருடு போயின, ஈ கட்டும் பித்துதான் காரணம், இதையா காக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். கடுமையான கேள்வி, வெட்கப்பட வேண்டிய சம்பவம். ஆனால் அது சால்மன் என்ற பெரிய மீனுக்காகக் கட்டிய விக்டோரியா காலத்து ஈக்களின் கதை. சொர்க்கப் பறவை, குவெட்சால் என்று உலகத்தின் மறுகோடிப் பறவைகளைக் கேட்டது அந்த மோகம். நாங்கள் பேசும் டிரவுட் ஈக்கள் கவுதாரியும் உள்ளானும் தாழைக்கோழியும் ஆட்டு ரோமமுமாகக் கையெட்டும் தூரத்தில் கிடைத்ததைக் கட்டியவை. அதனால்தானே அவை வட்டார ஈக்கள்!

ஆட்டு ரோமம் என்றதும் இங்கிலாந்தின் டெவன்ஷயர் நினைவுக்கு வருகிறது. டிவர்ட்டன் ஊரில் ஆஸ்டின் என்ற புகையிலைக் கடைக்காரர் ஒரு ஈ கட்டினார், டப்ஸ் இன்டிஸ்பென்சபிள். அதன் உடம்புக்கான ரோமம் செம்மறிக் கிடாயின் விதைப்பையிலிருந்து வந்தது. (சிரிப்பு அடங்கட்டும், காத்திருக்கிறேன்.) எண்ணெய்ப் பசையும் ஒளி ஊடுருவும் தன்மையும் உள்ள ரோமம் அது, காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தார். ஆனால் செய்முறையை ரகசியமாக வைத்தார். அவருக்குப் பிறகு மகள் கட்டி விற்றார். கொஞ்சம் தவறியிருந்தால் அந்த ஒரு வீட்டோடு அது போயிருக்கும்.

மாற்றமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய பட்டு நூல்கள் சில தயாரிப்பிலேயே இல்லை; வேறு நூலில்தான் கட்டியாக வேண்டும், கட்டுங்கள். ஆனால் மாற்று நூல் நனைந்தபின் பழைய நிறத்துக்கு வருகிறதா என்று சொல்ல, மூலத்தைக் கட்டிப் பழகிய ஒரு கையும் கண்ணும் வேண்டாமா?

அடுத்துப் பேசப் போகும் எதிரணித் தோழியிடம் ஒரே ஒரு வேண்டுகோள். படத்தையும் எழுத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், அந்த மோல் ரோமத்தில் எவ்வளவு எடுப்பார் என்று இந்த மேடையிலேயே காட்டட்டும். மஞ்சள் நூல் ரோமத்துக்குள் மறைந்துபோனால், எங்கள் கணக்கில் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள், நடுவரே. நன்றி, வணக்கம்.