மார்கழியில் வடக்கே ஒரு ரயில்

(திருவொற்றியூரில் எங்கள் நூலக வாசகர்களின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நூலகர் அவர்களே, எட்டாம் வகுப்பில் எனக்குப் பூகோளம் சொல்லித்தந்து, இன்று கைத்தடி ஊன்றி என் பேச்சைக் கேட்க வந்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, எர்ணாவூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பத்திலிருந்து வந்திருக்கும் மீனவ உறவுகளே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் மாலை வணக்கம். காலையிலிருந்து நாற்காலி தூக்கிய பிள்ளைகளுக்கு முதலில் ஒரு கைதட்டல் கொடுங்கள். எனக்குப் போர்த்திய இந்தச் சால்வையை என் ஆசிரியருக்குப் போர்த்த அனுமதி வேண்டுகிறேன். வரைபடத்தில் கொசஸ்தலை ஆற்றை முதன்முதலில் எனக்குத் தொட்டுக் காட்டிய விரல் அவருடையது.

குளிர்காலச் சுற்றுலா பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்கிறேன். ஒன்று, நம் வாசலிலிருந்தே கிளம்பும் ஓர் அழகான பாதை. இரண்டு, அந்தப் பாதை முடியும் இடத்தில் வந்து இறங்கும் விருந்தாளிகள். மூன்று, டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் விட்டுப்போன கோட்டையும் கல்லறைகளும்.

டிசம்பர் பிறந்தால் நம் தெருக்களில் என்ன பேச்சு? ஊட்டிக்கு வேன், கொடைக்கானலுக்கு பஸ், தலைக்கு இவ்வளவு. போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை.

விடியற்காலையில் திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுங்கள். வலப்பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் தாண்டியதும் வண்டி ஒரு பாலத்தில் ஏறும். கீழே கொசஸ்தலை. பூண்டி ஏரி நிரம்பித் திறந்துவிட்டால் அந்தத் தண்ணீர் இந்த வழியாக வந்துதான் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். மார்கழிப் பனியில் படகு கண்ணுக்குத் தெரியாது. படகில் நின்று வலை வீசுகிறவர் மட்டும் தண்ணீர்மேல் நிற்பதுபோல் தெரிவார். அப்புறம் மீஞ்சூர், பொன்னேரி, வயல், பனைமரம். பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம்முடையது.

சரி, விருந்தாளிகளுக்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலிருந்து பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவும் வந்தார். கடைக்கு அவர் லீவு விட்டதே அன்றைக்குத்தான். இரண்டு தூக்கு நிறைய புளிசாதம், வாழையிலைக் கட்டு, வடகம். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் வடகம் கொடுத்துக்கொண்டே வந்தார். பொன்னேரியில் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம். சின்னப் பிள்ளைகள் சிணுங்க ஆரம்பித்துவிட்டன. என்னை நம்பி வந்த கூட்டம் ஆயிற்றே, எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒருவழியாக ஏரிக்கரைக்குப் போய் நின்றால், தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் தெரிகிறது. அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, உப்புக் குவியலைக் காட்டவா இம்மா தூரம் இட்டாந்தே?” என்றார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே, “உப்பு இல்லம்மா, பூநாரை. சேத்தைக் காலால கிளறி, தலையைக் கவுத்துப் போட்டுத்தான் தின்னும். கொஞ்சம் பொறு” என்றார். பொறுத்தோம். ஒரு படகு அந்தப் பக்கமாகப் போயிற்று. அவ்வளவுதான், வெள்ளைக் கோடு முழுவதும் ஒரே நேரத்தில் எழும்பியது. சிறகு விரிந்ததும் உள்ளே ரோஜா நிறச் சிவப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. மடித்துவைத்த கூறைப்புடவையை யாரோ வானத்தில் உதறியது போல! பிள்ளைகள் வாய் திறந்தபடி நின்றன. அக்கா கையிலிருந்த தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நாலு வருஷமா ஊட்டிக்குன்னு சீட்டு கட்டினு இருக்கேன் தம்பி. இது இம்மா கிட்ட இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலியே!”

கையில் வெண்ணெய் என்று நான் சொல்வது இதைத்தான்.

அந்த நிறம் பூநாரைக்குப் பிறவியில் வருவதில்லை. குஞ்சு சாம்பல் நிறமாக இருக்கும். பாசியும் சின்னஞ்சிறு கூனி இறால்களும் தின்னத் தின்னத்தான் சிவப்பு ஏறும். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதுதான் அந்தப் பறவையின் உடம்பில் ஏறுகிறது. இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் திரும்பும்போது வண்டி எண்ணூர்ப் பாலத்தருகே சிக்னலுக்காக நின்றது. வெயில் ஏறி, பனி விலகியிருந்தது. அக்காவின் பேத்தி என்னைக் கேட்டாள்: “மாமா, இங்க மட்டும் ஏன் தண்ணி சிமெண்ட் கரைச்ச மாதிரி இருக்கு?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் மேடை மேடையாக ஏறுகிறேன். அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குட்டைக்கு அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகுகிற இடமெல்லாம் அந்தக் குழம்பு ஆற்றில் இறங்குகிறது. ஆழமாக இருந்த இடத்தில் இன்று படகு தரை தட்டுகிறது என்று இங்கே அமர்ந்திருக்கும் நெட்டுக்குப்பத்து அண்ணன்கள் சொல்வார்கள். இறால் தடவிப் பிடிக்கக் கையை விட்டால் சாம்பல்தான் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்ததை நாம் மறக்க முடியுமா? படகு கறுப்பு, வலை கறுப்பு, கூழைக்கடாவின் சிறகும் கறுப்பு. மீனவர்களே படகில் போய் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள்.

வெண்ணெய் நம் கையில்தான் இருக்கிறது. அதில் சாம்பலைக் கொட்டிவிட்டார்கள்.

மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களிடம் பணிவோடு கேட்கிறேன். உங்கள் அதிகாரத்துக்குள் அடங்காதது நிறைய உண்டு, தெரியும். ஆனாலும் உங்கள் குரல் போகிற இடத்துக்கு எங்கள் குரல் போகாது. ஆற்றில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும். ஒழுகும் குழாய்களை மாற்ற வேண்டும். முகத்துவாரம் அடைபடாமல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் கொசஸ்தலை வடிய இடமில்லை என்றால் தண்ணீர் வருவது நம் வீட்டுக்குள்தான். இது வெறும் பறவைக் கதை இல்லை, அம்மா.

நேரமாயிற்று என்று தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன்.

தை இரண்டாம் ஞாயிறு மறுபடி போகிறோம். காலை ஐந்தரைக்கு ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள். பழவேற்காட்டில் படகுச் சவாரி கிடையாது, பிள்ளைகளுக்கு அந்த ஆசை காட்டிக் கூட்டிவராதீர்கள். கரையிலிருந்தே பார்க்கலாம். புளிசாதம் அக்கா பொறுப்பு. சாம்பலை அள்ளச் சொல்லும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தை என் ஆசிரியர் இப்போதே போட்டுவிட்டார். வணக்கம்.