அத்தத்துக்குப் பக்கத்தில் ஓர் இறால் சோடி

வணக்கம் நேயர்களே.

என் அம்மாவின் நட்சத்திரம் அத்தம். கோணேசர் கோயிலில் அருச்சனைத் தட்டை நீட்டும்போதெல்லாம் அந்தப் பெயரை ஐயரிடம் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை. ஆனால் அது வானத்தில் எங்கே கிடக்கிறது என்று முப்பது வயது தாண்டும் வரை எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டால் பஞ்சாங்கத்தை எடுத்துத் தருவார்கள்.

பங்குனி மாதம் நடுச்சாமத்தில் தெற்கே திரும்பி நின்று அண்ணாந்து பாருங்கள். சற்றே சரிந்த நாற்கோணமாக நான்கு வெள்ளிகள், வலது கீழ்ப்பக்கத்தில் மங்கலாக இன்னொன்று. ஐந்தும் சேர்ந்தால் ஒரு கை. அத்தம் என்றாலே கைதானே. மேல்நாட்டார் இதைக் காகம் என்கிறார்கள். அந்த நாற்கோணத்தின் வலது மேல் மூலையிலிருந்து, கையை நீட்டிப் பிடித்து இரண்டு விரல் அகலம் வலப்பக்கம் போனால் வெறும் இருட்டு. நான் படம் எடுத்தது அந்த இருட்டைத்தான்.

அங்கே, நம் பால்வீதி மாதிரியான இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதிக்கொண்டிருக்கின்றன. 1785இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது. என்.ஜி.சி. என்ற வான்பொருள் பட்டியலில் இவை 4038, 4039. தூரம் ஏறத்தாழ 70 மில்லியன் ஒளியாண்டு. 1966இல் ஹால்டன் ஆர்ப் என்ற அமெரிக்க வானியலாளர், ஒழுங்கான உருவத்தில் அடங்காத மண்டலங்களைப் பொறுக்கி 338 படங்களாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். விசித்திர மண்டலங்கள் என்று அவற்றுக்குப் பெயர். இந்தச் சோடி அதில் 244ஆவது.

விசித்திரம் அவற்றின் வாலில். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீளமான வளைந்த வால் வெளியே போகிறது, பூச்சியின் உணர்கொம்பு மாதிரி. அந்த வால் எப்படி வந்தது என்று நெடுநாள் சண்டை. 1972இல் அலார் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள் அன்றைய கணினியில் போட்டுப் பார்த்து, ஈர்ப்பு விசை ஒன்றே போதும் என்று காட்டினார்கள். நமக்கு இதை விளங்கப்படுத்தத் துறைமுகம் இருக்கிறது. சந்திரன் பூமியின் அண்டிய பக்கத்தைக் கூடவும் மறுபக்கத்தைக் குறையவும் இழுப்பதால்தான் இங்கே தண்ணீர் ஏறி இறங்குகிறது. அதே வேலையை ஒரு முழு மண்டலம் இன்னொன்றின் மேல் செய்தால், ஏறிய தண்ணீர் திரும்பி வராது. நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிடும். இத்தனைக்கும் நட்சத்திரமும் நட்சத்திரமும் முட்டுவதில்லை, இடைவெளி அவ்வளவு. முட்டுவது வாயு முகில்கள். அங்கேதான் புது நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன.

சரி, படத்துக்கு வருவோம். என்னிடம் இருப்பது 8 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கி, ஒரு பழைய கமெரா, வானம் திரும்பும் வேகத்துக்குத் தானும் திரும்பும் ஒரு தாங்கி. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் இதைவிடப் பெரியது உண்டு. ஆனால் அவருக்கு இந்தச் சோடி அடிவானத்திலிருந்து 27 பாகைதான் ஏறும். எங்களுக்கு 62. அதைச் சொல்லிக் காட்ட நான் தவறுவதில்லை.

ஆனால் அவருக்குத் துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்கும். தாங்கியின் அச்சை அதன் பக்கம்தான் குறி வைக்க வேண்டும். திருகோணமலையில் அது எட்டரைப் பாகை உயரத்தில், தென்னைகளுக்குப் பின்னால். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எதிர்ப்பாரம் முக்காலியின் காலில் இடிக்கிறது. குளிர்நாட்டுக்காரருக்காகச் செய்த சாமான். கடைசியில், ஒரு வெள்ளியைப் பார்த்துக்கொண்டே அது எந்தப் பக்கம் நழுவுகிறதோ அதற்கேற்பத் திருகித் திருகிச் சரிசெய்தேன். ஒரு மணித்தியாலம் அதற்கே போய்விடும்.

முதல் தடவை நிலாவெளிக் கடற்கரையில் முயன்றேன். ஒரு விடுதியின் வெளிச்சம் மணலைப் பகலாக்கியது. விடியும்போது ஆடியில் உப்புப் பனி. எல்லாம் வீண். அப்புறம் தம்பலகாமத்து வயற்கரைக்கு மாறினேன். அங்கே யானைப் பயம். ஆனால் நெல்லுக்குக் காவல் இருந்த ஐயா ஒருவர் துணைக்கு இருந்தார்.

90 விநாடிக்கு ஒரு படம். எங்கள் சூட்டில் கமெரா தானாகவே புள்ளி புள்ளியாகப் பொரியும். அதைக் கழிக்க, மூடியைப் போட்டபடி அதே 90 விநாடிக்கு வெறும் கறுப்புப் படங்களும் எடுக்க வேண்டும். அமாவாசையை ஒட்டிய நாலு இரவுகளில் 160 படங்கள் தேறின. அடுக்கிச் சேர்த்தால் இரைச்சல் ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்குக்கு இறங்கும். சித்திரை மாதம் வசதிதானே என்று காத்திருக்கக்கூடாது. அந்த மாதத்துப் பூரணை நிலா சித்திரை நட்சத்திரத்தில், அத்தத்துக்கு அடுத்த வீட்டில் வந்து குந்தும்.

முதல் இரவில் இரண்டு மங்கல் பொட்டுகள் மட்டுமே. வால் தெரிந்தது நாலாவது இரவின் படங்களையும் சேர்த்த பிறகு. மடிக்கணினியைக் காவற்கார ஐயாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தம்பி, இது ரெண்டு இறாலெல்லோ! மீசையைப் பார்." உணர்கொம்பு என்று நான் படித்து வைத்திருந்தது அந்த நிமிடமே போய்விட்டது. இப்போது எனக்கும் அது இறால்தான்.

படத்தை அச்சிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதிலை என்ரை நட்சத்திரம் எது?" என்று கேட்டார். அத்தத்தின் ஐந்தில் ஒன்றுகூட அந்தச் சட்டத்துக்குள் இல்லை. அன்று இரவு கதிரையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அவரைத் தெற்கே பார்க்க உட்கார்த்தினேன்.

நன்றி, வணக்கம்.