இன்னும் எத்தனை மணிக்கு எழும்புவது? களுவாஞ்சிகுடித் தங்கச்சியின் கேள்விக்கு விளக்கம்

சரி, இன்றைக்கு ஒரு கேள்வியைத்தான் எடுக்கப்போகிறேன். இது வந்த நாளில் இருந்து என்னை விடவேயில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவள் தரம் 5, சின்னவன் தரம் 2. இவருக்கும் கணவருக்கும் அரசாங்க வேலை. "அக்கா, நான் விடிய 4 மணிக்கு எழும்புகிறேன். பக்கத்து வளவில் இருந்து அம்மாவும் வந்து உதவி செய்கிறா. அப்படியும் பிள்ளைகள் வெளிக்கிடும் நேரம் வீட்டில் ஒரே கத்தலும் அழுகையும்தான். இனி எத்தனை மணிக்கு எழும்பினால் சரிவரும்? ஒரு நேர அட்டவணை போட்டுத் தாங்க." இதுதான் கேள்வி.

தங்கச்சி, 4 மணிக்கு முன்னால் மூன்றரை இருக்கிறது, மூன்று இருக்கிறது. அப்படியே போனால் முதல்நாள் இரவுக்கே போய்ச் சேர்ந்துவிடுவோம். நித்திரையைக் குறைத்து நேரம் பிடிக்கிற வேலையை விட்டுவிடுங்கள். தரம் 5 பிள்ளை இருக்கிற வீட்டில் புலமைப்பரிசில் பரீட்சை முடியும் வரைக்கும் இரவு பத்து மணிக்கு முன் லைட் நூராது. அப்படியென்றால் 4 மணிக்கு எழும்புகிறவர் எத்தனை மணித்தியாலம் படுக்கிறார்? நீங்களே கணக்குப் பாருங்கள்.

அட்டவணையும் நான் தரமாட்டேன், கோபிக்க வேண்டாம். செங்கலடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் அட்டவணை எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருந்தார். பிள்ளைக்கொரு நிறம், பச்சை, சிவப்பு, நீலம் என்று. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அதை யார் வாசித்தது? அவர் மட்டும்தான். "ஆறு மணியாகுது, அட்டவணையில என்ன எழுதியிருக்கு பார்" என்று கத்துகிற வேலை ஒன்று புதிதாகச் சேர்ந்ததுதான் மிச்சம்.

சமையல் பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அரிசிமாவை ஞாயிற்றுக்கிழமை வறுத்துப் போத்தலில் அடைத்து வைப்பது, தேங்காய்ப்பூவைத் திருவி ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் முந்திய காணொளிகளில் சொன்னதுதான். புதிதாக ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காலைச் சாப்பாட்டைக் கிழமைக்குக் கட்டிவிடுங்கள். திங்கள் என்றால் பிட்டு, புதன் என்றால் இடியப்பமும் சொதியும், வெள்ளி என்றால் பாணும் பருப்பும். பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஆட்டோ வருகிறதே, வியாழக்கிழமை அதை மறித்து வாங்கி வைத்தால் போதும். ஒரு நாள் பழஞ்சோறு, தயிர், சின்ன வெங்காயம். பழஞ்சோறு கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்க வேண்டாம், மட்டக்களப்புத் தயிர் இருக்கிற வீட்டுக்கு அது விருந்து. "நாளைக்கு என்ன செய்கிறது" என்ற யோசனை போனாலே பாதிக் களைப்புப் போய்விடும்.

இங்கேதான் நான் எப்போதும் சொல்கிற இடத்துக்கு வருகிறேன். வழமையாகப் பார்க்கிறவர்களுக்கு அலுத்திருக்கும், இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன். அம்மாமாரைக் களைக்க வைப்பது கை வேலை இல்லை. சின்னவனின் காலுறை காய்ந்ததா, மகளின் சித்திரக் கொப்பி பையில் இருக்கிறதா, வகுப்புக் காசு கட்டியாகிவிட்டதா, காஸ் இந்தக் கிழமை தாங்குமா, தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றியாயிற்றா. இத்தனையும் ஒரே தலைக்குள் ஓடுகின்றன. மற்றவர்கள் எல்லாரும் உதவி செய்யத் தயார்தான். ஆனால் சொன்னால்தான் செய்வார்கள். சொல்வதற்கு நினைவில் வைத்திருக்க வேண்டுமே, அது யாருடைய வேலை?

எங்கள் வீட்டில் மீன் வாங்குவது அவருடைய பொறுப்பு என்று பேசி முடித்தோம். அடுத்த நாள் சந்தையில் நின்றுகொண்டு போன் எடுக்கிறார். "பாரை இருக்கு, சூரை இருக்கு, எதை வாங்க?" நான் அடுப்படியில் நின்று யோசிக்கிறேன், சூரை என்றால் புளிக்குக் கொறுக்காய் இருக்கிறதா, பாரை என்றால் பொரிக்க எண்ணெய் இருக்கிறதா என்று. பார்த்தீர்களா, மீன் திரும்பவும் என் தலைக்கு வந்துவிட்டது! "உங்களுக்கு எது சரியோ அதை வாங்குங்க" என்று வைத்துவிட்டேன். மனுசன் கணவாய் கொண்டு வந்தார். நான் வாயே திறக்கவில்லை. கிணற்றடியில் குந்தியிருந்து தோலை உரித்து, ஓட்டை இழுத்து, மைப்பை உடைந்து கையெல்லாம் கறுத்து, ஒருபடியாகக் கழுவி முடித்தார். அதற்குப் பிறகு போனும் வருவதில்லை, கணவாயும் வருவதில்லை. இப்போது எந்த மீன், எத்தனை துண்டு, மஞ்சளும் உப்பும் பிரட்டி எந்தப் பெட்டியில் வைப்பது எல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நம்முடைய கோயில்களைப் பாருங்கள். குடிக்கு, அதாவது தாய்வழிச் சொந்தக் கூட்டத்துக்கு, ஒரு திருவிழா என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாளில் பூவா, எண்ணெயா, அமுதா, மேளமா, எல்லாம் அந்தக் குடி பார்த்துக்கொள்ளும். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் வீடு வீடாகப் போய் "பூ எடுத்தீங்களா, திரி எடுத்தீங்களா" என்று கேட்டுக்கொண்டா நிற்கிறார்? கோயிலில் நடக்கிற காரியம் வீட்டில் ஏன் நடக்காது? செய்யச் சொல்லாமல், முழுதாக ஒப்படைத்துவிடுங்கள். தரம் 2 படிக்கிற பிள்ளைக்கும் ஒரு திருவிழா கொடுக்கலாம். என் சின்னவனுக்குத் தண்ணீர்ப் போத்தல். ஒரு நாள் மேசையில் விட்டுவிட்டுப் போனான். நான் பின்னால் ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் குழாய் இருக்கிறது, கூட்டாளிமாரும் இருக்கிறார்கள். இப்போது இரவே நிரப்பி வைத்துவிட்டுத்தான் படுக்கிறான்.

இதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழ், முஸ்லிம் இரண்டு பக்கமும் அப்படித்தான். வீடு வளவு மகளுக்குச் சீதனம். எனக்கு இது மிகவும் பிடித்த வழக்கம், அம்மா பக்கத்தில், அக்கா தங்கச்சி அடுத்த வளவில், ஒரு சுகயீனம் என்றால் வேலிக்கு மேலால் கூப்பிட்டால் போதும். ஆனால் காணி உறுதியில் பெயர் விழுந்த கையோடு அடுப்பும் விளக்குமாறும் அவளுடைய பெயருக்கே விழுந்துவிடுகின்றன. மாப்பிள்ளை கலியாணம் கட்டிப் பத்து வருசத்துக்குப் பிறகும் "சீனிப் போத்தல் எங்க இருக்கு?" என்று கேட்கிறார். கேட்டால் பரவாயில்லை, நாமும் ஓடிப்போய் எடுத்துக் கொடுக்கிறோம்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் "அம்மாவும் வந்து உதவி செய்கிறா" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். என்னை விடாமல் பிடித்தது அந்த வரிதான். நீங்கள் 4 மணிக்கு எழும்பினால் அந்த அம்மா எத்தனை மணிக்கு எழும்புகிறா? அவ தன் வீட்டு முற்றம் கூட்டி, ஐயாவுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, இருட்டில் வளவைக் கடந்து வந்து உங்கள் வீட்டில் தேங்காய் திருவுகிறா. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளும் அவவிடம்தானே வரும்? நாலேகாலுக்கு அலுவலகம் முடிந்து நீங்கள் வரும்வரை சோறு போட்டு, உடுப்பு மாற்றி, டியூசனுக்கு அனுப்புவது யார்? உங்கள் வீட்டில் அட்டவணை போட வேண்டுமென்றால் முதலில் அவவுக்குப் போடுங்கள். காலையில் வரவேண்டாம் என்று சொல்லுங்கள். அவ செய்கிற காலை வேலையைக் கணவரிடம் முழுதாகக் கொடுங்கள். அலுவலகம் எட்டரைக்குத்தானே. முதல் கிழமை சம்பலில் உப்புக் கூடும், பிட்டு கட்டியாக இருக்கும், சாப்பிடுங்கள். அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "மருமகன் தேங்காய் திருவுறாரா" என்று பதறுவா. அவவைச் சமாளிப்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், கணவரை இல்லை.

மற்றது, மாரியில் பள்ளிக்கூட வெள்ளை உடுப்புக் காயாதது பற்றியும் இந்தத் தங்கச்சி கேட்டிருந்தார். கார்த்திகை, மார்கழி நம் பக்கம் எப்படி என்று தெரியும்தானே. பிள்ளை பள்ளியால் வந்தவுடன் கழற்றித் தோய்க்க வேண்டும், இரவுக்கு வைக்கக் கூடாது. பிழிந்த உடுப்பைக் காய்ந்த துவாயில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதிக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. அப்புறம் விறாந்தைக் கொடியில் வேண்டாம், அறைக்குள் ஃபேனுக்குக் கீழே ஹேங்கரில் போடுங்கள். காலையில் கழுத்துப் பட்டியிலும் இடுப்பிலும்தான் ஈரம் நிற்கும், அந்த இரண்டு இடத்தையும் முதலில் அயன் பண்ணினால் போதும்.

சரி, ஏறாவூரில் இருந்து ஒரு உம்மா நோன்பு மாதத்தில் பிள்ளைகளின் நித்திரை பற்றிக் கேட்டிருக்கிறார். அதை அடுத்த காணொளியில் பார்ப்போம்.